ஊருக்கே பீச்சாங்கை

கருவேலம்பட்டுல ஒரு வெள்ளிக்கிழமை காலைல ஊர் சனம் அத்தனை பேருக்கும் கை மாறிப்போச்சு. வேற ஒண்ணும் ஆகல. பால் வந்துச்சு, பேப்பர் வந்துச்சு, பைப்புல தண்ணி வழக்கம்போல வரல. பிரஷ்ஷை எடுத்தது எடது கை, சொம்பை எடுத்தது எடது கை, பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை இந்தப் பக்கம் தள்ளினப்போ எகிறிப் போய் ஓங்கினதும் எடது கை. வலது கை, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, என்ன செய்யறதுன்னு தெரியாம ஓரமா தொங்கிட்டு இருந்துச்சு.

மொதல் நாள் யாரும் வெளிய சொல்லல. இது தனக்கு மட்டும் வந்த கேடுன்னு நெனச்சு ஒவ்வொருத்தரும் கதவைச் சாத்திகிட்டு சாப்பிட்டாங்க. கூடத்துல புருஷன் செவுத்தைப் பாத்து உக்காந்து சாப்பிட, அடுப்படியில பொண்டாட்டி செவுத்தைப் பாத்து உக்காந்து சாப்பிட, ரெண்டு பேர் மடியிலயும் பாதிச் சோறு கெடந்துச்சு. ஏன்னா கையில ஆசை மட்டும்தான் மாறியிருந்துச்சு, பழக்கம் மாறல. எடது கை தானா முன்னாடி போகும். போன எடத்துல என்ன பண்ணணும்னு அதுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல அன்னைக்கு ஸ்பூனுக்கு அடிதடி. சாயங்காலம் டவுன் பஸ்ல கண்டக்டர் எடது கையால டிக்கெட்டை நீட்ட, பூக்காரம்மா எடது கையால வாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க.

"உனக்குமா?"

"எனக்கு மட்டுமா? எங்க தெருவுக்கே. ஒருத்தியும் வாயைத் தொறக்கல, எல்லாவளும் முந்தானைக்குள்ள கைய வச்சுகிட்டு நிக்கறாளுங்க. நீ மீதியக் குடுய்யா மொதல்ல."

அதுக்கப்புறம் பஸ்ல இருந்த எல்லாரும் மறைச்சு வச்சிருந்த கையை வெளிய எடுத்தாங்க. ஊருக்கே வந்தா அது கேடு இல்லைன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

காரணம், உப்பளத்துக்கு அந்தாண்ட இருக்கற மருந்துக் கம்பெனி. அங்க மாத்திரை பண்றதில்ல. மாத்திரைக்கு உள்ள போற சரக்கைப் பண்றாங்க. ஆழ்கடல் பாறையில ஒட்டிகிட்டு இருக்கற ஒரு கடல்பஞ்சு, எந்தக் காலேஜுக்கும் போகாம, தன் ஒடம்புக்குள்ளயே ஒரு பொருளைச் சுரக்குது. அது கை கால் நடுக்கத்தை நிறுத்தும். ஆனா ஒரு ஸ்பூன் வேணும்னா லாரி லாரியா பஞ்சைப் புழியணும், அவ்வளவு பஞ்சு கடல்ல கெடையாது. அதனால அதே பொருளைக் கண்ணாடிக் குடுவையில கட்டணும். கட்டறதுன்னா அஸ்திவாரத்துலேர்ந்து இல்ல. முடிஞ்ச வீட்டைப் பலகையில வரைஞ்சு வச்சுகிட்டு, கடைசியா எந்தச் செவுரு எழும்பியிருக்கும், அதுக்கு முந்தி எதுன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுகிட்டே பின்னாடி போயி, கடையில கெடைக்கற சாதாரண சாமான்ல வந்து நிக்கணும். அப்புறம் அங்கேர்ந்து திரும்பி, குடுவை குடுவையா முன்னாடி நடந்து வரணும். நடுவுல ஒரு மூலையில வேலை நடக்கறப்போ இன்னொரு மூலை கெட்டுப்போகாம இருக்க, அதுக்கு ஒரு குல்லா மாட்டி, வேலை முடிஞ்சதும் கழட்டணும். குல்லா மாட்டறதும் கழட்டறதுமே பாதி வேலை. இந்த விஷயத்துல மூலக்கூறும் கவர்மென்ட் ஆபீசும் ஒண்ணு.

இதைச் செஞ்சுகிட்டு இருந்தவ மங்கையர்க்கரசி. ஊருக்கு அரசி, கம்பெனிக்கு அரசி மேடம். கெமிஸ்ட்ரில டாக்டர் பட்டமும் மூக்கு மேல கோபமும் உள்ளவ. பொறந்ததுலேர்ந்து எடதுகைக்காரி. சின்ன வயசுல அவ அம்மா தனபாக்கியம் ஸ்கூல் யூனிபார்ம் சிவப்பு ரிப்பனால அந்தக் கையை இடுப்போட சேத்துக் கட்டித்தான் சோறு போடுவாங்க, சிலேட்டைக் குடுப்பாங்க. எழுதறது வலது கைக்கு வந்துடுச்சு. மத்ததுக்கெல்லாம் யாரும் பாக்காதப்போ எடது கைதான் எட்டிப் பாக்கும். ஆய்வுக்கூடத்துல அந்தக் கைக்கு ஈடு கெடையாது. சொட்டுச் சொட்டா திராவகம் விடற குழாயோட திருகை அது ஒரு மயிரிழை திருப்பினா ஒரே ஒரு சொட்டு விழும். ரெண்டு விழாது.

இதுல இன்னொரு சூட்சுமம், அந்தச் சரக்குக்கும் கை உண்டு. ஒரு சோடி செருப்பை எடுத்துக்குங்க. ஒரே தோலு, ஒரே ஆணி, ஒரே எடை. ஆனா எடது செருப்பை வலது கால்ல மாட்டிகிட்டு கடைத்தெரு வரைக்கும் போக முடியாது. மூலக்கூறும் அப்படித்தான். வலக்கைச் சரக்கு நடுக்கத்தை நிறுத்தும். கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கற எடக்கைச் சரக்கு எதை நிறுத்தும், எதைக் கெளப்பும்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடல. பழைய முறையில பண்ணா ரெண்டும் பாதிக்குப் பாதி கலந்து வரும். புது முறையில ஒரு வினையூக்கிப் பொடி இருக்கு, அதுக்கே ஒரு கை இருக்கு. வலக்கைப் பொடி போட்டா வலக்கைச் சரக்கு, எடக்கைப் பொடி போட்டா எடக்கைச் சரக்கு. ரெண்டு பொடியும் வெள்ளை, ரெண்டு பாட்டிலும் ஒரே அச்சு. அலமாரியில வலதுக்கு வலதுபக்கம், எடதுக்கு எடதுபக்கம், கம்பெனி தொறந்த நாள்லேர்ந்து அதான் வழக்கம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் கழுவித் தொடச்சு, சுத்தற மெஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை போட்டு, மூலக்கூறைப் படம் புடிக்கற பெரிய காந்த மெஷினுக்கு நெத்தி எதுன்னு கொஞ்ச நேரம் வாதம் பண்ணி ஒருவழியா பொட்டு வச்சு, பாட்டிலை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னாடி அடுக்கினாங்க. அரசியும் தன் பங்குக்கு அந்த ரெண்டு பாட்டிலைத் தூக்கிகிட்டு வந்தா.

"மேடம், மேடம்," மேனேஜர் புருஷோத்தமன் ஓடி வந்து மறிச்சாரு. "நீங்க ஒக்காருங்க. இது பூஜை வேலை. தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கையால..."

"வருஷம் பூரா இந்தக் கையாலதான சார் சரக்கு வருது?"

"வருஷம் பூரா வேற மேடம். இன்னைக்கு சாமி பாக்குது."

பாட்டிலை அவரே வாங்கி வச்சாரு. லேபிள் மேலயே சந்தனத்தைத் தாராளமா அப்பி, குங்குமமும் வச்சாரு. மறுநாள் அரசி கடைசிப் படிக்கு வந்து நின்னப்போ அலமாரியில ரெண்டு சந்தன உருண்டை இருந்துச்சு.

"எது சார் வலக்கைப் பொடி?"

"வலதை வலதுலயேதான் வச்சேன் மேடம். எம்புள்ளைங்க மேல சத்தியம்."

"லேபிள் தெரியலையே, தொடச்சுக்கட்டுமா?"

"ஐயையோ! அம்பாளுக்குப் பூசினது. தானா உதுர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அதுவும் நீங்க..."

மனுஷன் பொய் சொல்லல. வலக்கைப் பொடியை சரஸ்வதிக்கு வலதுபக்கம்தான் வச்சாரு. சரஸ்வதி நம்மளைப் பாத்து உக்காந்திருக்கா. அவளுக்கு வலது, நமக்கு எடது. வரிசை கலையாம அப்படியே தூக்கி அலமாரியில வச்சதுல, காலங்காலமா வலதுபக்கம் இருந்தது எடதுபக்கம் போயிடுச்சு. அரசி வலதுபக்க பாட்டிலை எடுத்தா. அன்னைக்குச் சாயங்காலம் சரக்கைக் காயவச்சப்போ கெளம்பின ஆவி கொய்யாப்பழ வாசனையோட ஊர் மேல போச்சு. யாரு வீட்டுலயோ கொய்யா பழுத்திருக்குன்னு சொல்லிகிட்டே ஊர் தூங்கப் போச்சு.

விஷயம் ஊருக்கே தெரிஞ்ச மறுநாள், சனிக்கிழமை காலைல, தனபாக்கியம் எடது கையால காப்பி டம்ளரை நீட்டினாங்க. அரசி வலது கையால வாங்கினா. ஊரைத் திருப்பின ஆவி அவளையும் திருப்பியிருந்துச்சு. ஊர் எந்தப் பக்கம் போச்சோ அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

"ஏன்டி," தனபாக்கியம் டம்ளரை விடாம கேட்டாங்க, "தொண்டத்தண்ணி வத்தக் கத்தினப்பல்லாம் இந்தக் கைய நீட்டல. இப்ப ஊரே அந்தப் பக்கம் போனதுக்கப்புறம் நீ இந்தப் பக்கம் வரியா? உனக்கு ஊரோட ஒத்துப்போறதுன்னா அவ்வளவு கசப்பா?"

"நானா வரலம்மா. இழுத்துட்டு வந்துடுச்சு."

கம்பெனிக்குப் போய் சரக்கை வெளிச்சம் காட்டற மெஷின்ல வச்சா. வலதுபக்கம் திருப்பவேண்டிய வெளிச்சத்தை அது எடதுபக்கம் திருப்பிச்சு. சந்தனத்தைச் சுரண்டிப் பாத்தா. அவளுக்கு எல்லாம் வெளங்கிடுச்சு.

ஞாயித்துக்கிழமை செல்லியம்மன் கோயில் மண்டபத்துல ஊர்க்கூட்டம். தர்மகர்த்தா வைத்திலிங்கம் மைக்கை எடது கையால புடிச்சாரு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்ட ஆளு ஒருத்தர்கூட இல்ல. எல்லாருக்கும் இருந்த கவலை ஒண்ணே ஒண்ணு, இனிமே எதை சோத்துக்கைன்னு சொல்றது, எதைப் பீச்சாங்கைன்னு சொல்றது.

அரசி எழுந்து நின்னா. "இது எங்க கம்பெனி ஆவியால வந்ததுங்க. பாட்டில் மாறிப்போச்சு. சரியான பொடியப் போட்டு இன்னொரு தடவை பண்ணா எல்லாம் திரும்பிடும்."

"ஏம்மா, இப்ப அதுவா முக்கியம்?" வைத்திலிங்கம் சலிச்சுகிட்டாரு. "நாளைக்குக் காலைல அர்ச்சனைத் தட்டை எந்தக் கையால வாங்கறது? அதைச் சொல்லு."

கேட்டுட்டு வைத்திலிங்கமே கருவறைப் பக்கம் திரும்பினாரு. "நல்லாப் பாருங்க. நம்ம ஆத்தா அபயம்னு தூக்கின கை எந்தப் பக்கம் இருக்கு? நாம நிக்கற எடத்துலேர்ந்து பாருங்க."

எல்லாரும் பாத்தாங்க. எடதுபக்கம் இருந்துச்சு.

"அவ எத்தனையோ தலைமுறையா சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா. நமக்குத்தான் புத்தி வரல."

மண்டபம் பூரா ஆத்தா தாயேன்னு கன்னத்துல போட்டுகிச்சு, எடது கையால. அன்னைலேர்ந்து எடது கை சோத்துக்கை, வலது கை பீச்சாங்கை.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளன்னு நடந்துச்சு. தையல்காரங்க சட்டைப் பையை வலதுபக்கம் மாத்தினாங்க. மெக்கானிக் பரமசிவம் ஸ்கூட்டரோட முறுக்கற கைப்பிடியை எடதுபக்கம் கொண்டாந்து ஊருக்கே வேண்டப்பட்டவன் ஆனான். மருமகளுங்க எடது காலை எடுத்து வச்சு வந்தாங்க. நம்ம முன்னோர் ஆதியில எடது கையாலதான் சாப்பிட்டாங்க, வெள்ளைக்காரன் வந்துதான் வலது கையைப் பழக்கிவிட்டான், இதயம் இருக்கற பக்கத்துக் கையால சாப்பிட்டா ரத்தம் சுத்தமாகும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. அதை அனுப்பின கட்டைவிரலும் எடதுதான். பள்ளிக்கூடத்துல முன்னாடி பீச்சாங்கையா இருந்த புள்ளைங்க இப்போ வலது கையால எழுத, அதே வாத்தியார் அதே ஸ்கேலால அதே புள்ளைங்களை அடிச்சாரு. ஸ்கேலைப் புடிச்ச கை மட்டும் வேற.

அரசிக்கு ஊர் ஒண்ணும் புதுசா செய்யல, பழையதையேதான் செஞ்சுச்சு. ஒரு வளைகாப்பு பந்தியில அவ வலது கையால சாப்பிட, பக்கத்து எலைக்காரம்மா எலையோட நகந்து உக்காந்தாங்க. "படிச்ச பொண்ணு, இந்தக் கையாலயா சாப்பிடுவ?" போன வருஷம் அதே அம்மா, அதே சாம்பார், இன்னொரு கையைப் பாத்து அதே வார்த்தை.

அதைக்கூட அவ தாங்கிகிட்டா. தாங்க முடியாதது ஆய்வுக்கூடத்துல நடந்துச்சு. மாத்திரை பண்ற வெளியூர்க் கம்பெனிக்காரன் எடக்கைச் சரக்கு வேணாம்னு சொல்லிட்டான். கடைசிக்கு முந்தின படியில நிக்கற சரக்கு ஒரே ஒரு குடுவைதான் மிச்சம். அது பல வருஷத்து உழைப்பு. மொதலாளி நரசிங்கம் கூப்பிட்டுச் சொன்னாரு. "தை பொறந்ததும் அவங்க ஆளு வந்து எடுத்துட்டுப் போறதா இருக்காங்கம்மா. இதுவும் கெட்டுச்சுன்னா லேபை மூடிட்டு உரக் குடோன் ஆக்கிடறேன். அதுக்கு டாக்டர் பட்டம் வேணாம்."

அவ வெறும் தண்ணிய வச்சுப் பழகிப் பாத்தா. வலது கை ஆசையா ஓடி வந்து திருகைப் புடிக்கும். திருப்பினா சொட்டுக்குப் பதிலா ஓடை கொட்டும். எடது கைக்குத் தெரியும், ஆனா அது வராது, அடுத்த வீட்டுக் கை மாதிரி தொங்கும். வேற யாரையாவது விடலாம்னா கம்பெனியில எல்லார் கையும் அதே கதி. சொட்டு விடறதுக்குன்னே ஒரு மெஷின் இருந்துச்சு. பூஜை அன்னைக்குப் புருஷோத்தமன் பன்னீர் தெளிச்சதுல படுத்தது, எழுந்திரிக்கல.

இதுக்கு நடுவுல வைத்திலிங்கம் கம்பெனிக்கே வந்துட்டாரு. அவரு மகனுக்குத் தையில கல்யாணம்.

"நரசிங்கம், உங்க மேடம் ஏதோ திருப்பப் போறேன்னு சொல்லுதே. எடது கால் வைக்கறதுக்குத் தோதா வாசப்படியவே இடிச்சுக் கட்டியிருக்கேன்யா. ஆத்தாளுக்கு எடது கைக்கு வெள்ளிக் கவசம் அடிச்சாச்சு. இப்பதான் சனம் மடியில கொட்டாம சாப்பிடுது. கல்யாணம் முடியட்டும்."

"கண்டிப்பாங்க," மொதலாளி அவருகிட்ட சொன்னாரு. அவரு போனதும் அரசிகிட்ட சொன்னாரு, "கல்யாணத்தன்னைக்கே பண்ணிடும்மா. ஊரே மண்டபத்துல இருக்கும், ஒரு பய எட்டிப் பாக்கமாட்டான். மறுநாள் அவங்க ஆளு வர்றான்."

கல்யாணத்தன்னைக்குக் காலைல அரசி அம்மாவையும் கம்பெனிக்குக் கூட்டிகிட்டுப் போனா. தனபாக்கியம் பட்டுப்பொடவையில, பந்தி போயிடுமேங்கற கவலையில, குடுவைங்களுக்கு நடுவுல வந்து நின்னாங்க. பனிப்புகை கெளம்பற தொட்டிக்குள்ள, வலக்கைப் பொடி போட்ட அந்தக் கடைசிக் குடுவை உக்காந்திருந்துச்சு. சொட்டு விழுந்தா உள்ள மஞ்சள் கெளம்பும். மஞ்சள் செத்த பெறகுதான் அடுத்த சொட்டு. ஒண்ணு முந்தினாலும் எல்லாம் தார்.

"அந்த ரிப்பன் வச்சிருக்கியாம்மா?"

தனபாக்கியம் மணிபர்ஸைத் தொறந்து, சாவிக்கொத்தைக் கட்டியிருந்த வெளுத்துப்போன சிவப்பு ரிப்பனை அவுத்தாங்க.

"எந்தக் கைய? வெவரமாச் சொல்லு. அப்புறம் காலம் பூரா என்னைக் குத்தம் சொல்லிட்டுத் திரியாத."

"இதை." வலது கையை நீட்டினா. அது தானாவே நீண்டுச்சு.

தனபாக்கியம் அதை இடுப்போட சேத்து வச்சு, பழகாத எடது கையால தட்டுத் தடுமாறி முடிச்சுப் போட்டாங்க. முடிச்சு ரெண்டு தடவை அவுந்துச்சு.

"அப்ப எவ்வளவு அழுத தெரியுமா," அவங்க குனிஞ்சுகிட்டே சொன்னாங்க. "தெருவே வந்து கேட்டுச்சு. நானும் ஊருக்காகத்தான்டி..."

"தெரியும்மா. இறுக்கிக் கட்டு."

வலது கை ரிப்பனுக்குள்ள துள்ளிச்சு, புடிச்சு வச்ச கோழி மாதிரி. எடது கை அசையல. அரசி அதைப் பாத்துகிட்டே நின்னா. கூப்பிடல, திட்டல. முன்னாடி போக வேற கை இல்லைன்னு தெரிஞ்சதும், ரொம்ப நாள் படுத்துக் கெடந்த ஆளு எழுந்து செருப்பைத் தேடற மாதிரி, அது மெதுவா எழுந்து திருகு மேல போய் உக்காந்துச்சு. மயிரிழை திரும்பிச்சு. ஒரு சொட்டு விழுந்துச்சு. மஞ்சள் வந்துச்சு, போச்சு. இன்னொரு சொட்டு. தனபாக்கியம் பந்தியை மறந்து, மக கையவே பாத்துகிட்டு நின்னாங்க. அந்தக் கை வேலை செஞ்சு அவங்க பாத்ததே இல்ல; பாக்கறதுக்கு முந்தி கட்டிட்டாங்க.

"என்ன அழகா திருப்புதுடி இது," அப்படின்னாங்க, யாரோ ஒரு மூணாவது ஆளப் பத்திச் சொல்ற மாதிரி.

மத்தியானம் கொய்யாப்பழ வாசனை கெளம்பிச்சு.

மண்டபத்துல அப்போ சாம்பார் முடிஞ்சு ரசம் வரப்போற நேரம். பழக்கலவைல கொய்யா போட்டிருக்கான்னு எல்லாரும் மூக்கை உறிஞ்சினாங்க. சாம்பார் சோத்தை எடது கையால எடுத்து வாய்கிட்ட கொண்டுபோன அத்தனை பேரும் அப்படியே எலையில போட்டுட்டு, வலது கையால எடுத்தாங்க. மாப்பிள்ளை எடது கையால ஊட்ட ஆரம்பிச்ச லட்டை வலது கையால ஊட்டி முடிச்சான். அதையும் வீடியோக்காரன் எடுத்துட்டான். வைத்திலிங்கம் தன் ரெண்டு கையையும் ஒரு தடவை மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் வேட்டியில தொடச்சுகிட்டு, "ரசம் எங்கய்யா? எவ்வளவு நேரம்?"னு சத்தம் போட்டாரு.

சாயங்காலமே கோயில்ல கூட்டம் போட்டாங்க.

"நாம ஆத்தாளுக்கு எதிர்லயா நிக்கறோம்? எதிர்ல நிக்க நாம என்ன அவளுக்கு எதிரியா?" வைத்திலிங்கம் மைக்கை வலது கையில புடிச்சிருந்தாரு. "அவ பின்னாடி நிக்கற சனம் நாம. பின்னாடி நின்னு பாருங்க, தூக்கின கை எந்தப் பக்கம்?"

மண்டபம் கன்னத்துல போட்டுகிச்சு. வெள்ளிக் கவசம் அதே கையில இருந்துச்சு, பேர் மட்டும் வலது கைக் கவசம்னு மாறிச்சு. பரமசிவம் ஸ்கூட்டரை எல்லாம் திரும்ப மாத்தி, ரெண்டு பக்கமும் வேலை வந்ததுல ஆத்தாளுக்குப் பொங்கல் வச்சான். வாத்தியார் ஸ்கேலை மறுபடி கை மாத்தினாரு. எடக்கை காலம்னு ஒண்ணு நடந்துச்சான்னு கேட்டா, அதெல்லாம் கம்பெனிக்காரன் கெளப்பிவிட்ட புரளின்னு சொன்னாங்க.

சரக்கு சரியா இருந்துச்சு, லேப் மூடல. அரசிக்கு அவ எடது கை திரும்ப வந்துச்சு. ஊருக்கு மறுபடியும் பீச்சாங்கைக்காரி. "எப்படியும் எதிர்ப்பக்கம்தான்," அம்மாகிட்ட சொன்னா, "அதுல சொந்தக் கையோட நிக்கறது ஒரு சௌகரியம்." தனபாக்கியம் காப்பிய நீட்டினாங்க, வாங்கற கையப் பாக்கல.

அடுத்த ஆயுத பூஜை வந்துச்சு. மெஷினுக்கெல்லாம் மாலை. ரிப்பேர் பண்ணி வந்த சொட்டு மெஷினை மட்டும் அரசி வீட்டுக்குக் கொண்டு போய் வச்சிருந்தா. ரெண்டு பாட்டிலையும் அவ எடுத்துகிட்டு வர, புருஷோத்தமன் ஓடி வந்தாரு.

"மேடம், மேடம். தப்பா எடுத்துக்காதீங்க..."

"எடுத்துக்கல சார். நீங்களே வைங்க." பாட்டிலைக் குடுத்தா. "வலது பாட்டிலை வலதுல வைங்க. சரஸ்வதிக்கு வலதா, நமக்கு வலதான்னு மட்டும் மொதல்ல ஒரு முடிவுக்கு வந்துடுங்க."

புருஷோத்தமன் ரெண்டு பாட்டிலோட படத்துக்கு முன்னாடி நின்னாரு. சாமிக்கு வலதுதான்னு ஸ்டோர்காரர் சொன்னாரு. நமக்கு வலதுதான், வேலை செய்யறது நாமதானன்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு. சாமி பின்னாடி போய் நின்னு பாக்கணும்னு, ஊர்க்கூட்டத்துக்குப் போயிட்டு வந்த வாட்ச்மேன் சொன்னாரு. படத்துக்குப் பின்னாடி செவுரு இருந்துச்சு. மொதலாளி வந்தாரு, அவருகிட்டயும் ஒரு கருத்து இருந்துச்சு. கற்பூரம் கரைஞ்சு, சந்தனம் காஞ்சு, சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டுச்சு.

அரசி ஓரமா ஒரு ஸ்டூல்ல உக்காந்து, படையல் பொரியும் சுண்டலும் கலந்த தட்டை மடியில வச்சுகிட்டு, எடது கையால ஒவ்வொரு பிடியா எடுத்துச் சாப்பிட்டா. அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க யாருக்கும் நேரமில்ல.